ஊதுவார் இல்லாத உலை

பட்டறைத் தீ – பகுதி 9

சென்ற பகுதியில் துருத்தியைப் பார்த்தோம். கொல்லன் உலையில் இரும்பு பழுக்க வேண்டுமானால் துருத்தி போட ஓர் ஆள் வேண்டும். பொற்கொல்லரின் உமியோட்டுக்கு அந்த ஆள் தேவையில்லை. ஆனால் ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு அவரே ஊதியாக வேண்டும். உலோகத்தைக் கையாளத் தெரிந்த காலம் தொட்டு, தீயின் சூட்டைக் கூட்ட யாரோ ஒருவருடைய கையோ மூச்சோ இடைவிடாமல் உழைக்க வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில், ஸ்வீடனின் தலைநகரில் ஒரு சின்னப் பட்டறையில், அந்த நிலை மாறியது. மாற்றியது ஒரு பித்தளை விளக்கு. ஒரு கையில் தூக்கிக்கொண்டு கூரை மேல் ஏறலாம், பள்ளத்துக்குள் இறங்கலாம், வயலுக்கு எடுத்துப் போகலாம். ப்ளோ லேம்ப் என்று நாம் சொல்லும் கருவி அதுதான்.

தமிழ்நாட்டில் இதை அறியாதவர்கள் குறைவு, பெயர் தெரியாதவர்கள்தான் அதிகம். கறிக்கடையில் ஆட்டுத் தலையும் காலும் வாட்டும்போது இரைந்துகொண்டு நீலத் தீ கக்குமே, அதேதான். தெருவோரம் பள்ளம் தோண்டி, தார்ப்பாய் மறைப்புக்குள் உட்கார்ந்து கேபிள் ஜாயிண்ட் போடும் மின்வாரிய ஊழியர் பக்கத்திலும் அது இருந்திருக்கும். இப்போது இந்த இரண்டு இடங்களிலும் பெரும்பாலும் கேஸ் டார்ச் வந்துவிட்டது. பழைய பித்தளை விளக்குகள் எடைக்குப் போகின்றன. எடைக்குப் போவதற்கு முன் ஒன்றையாவது வாங்கிப் பழுது பார்த்து எரியவிட வேண்டும் என்று வாசகர்களுக்குச் சொல்வதற்காகவும்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன். முதலில் அது எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடுவோம்.

ஸ்வீடன் சுரங்கங்களின் நாடு. அங்கே ஊதுகுழல் பொற்கொல்லரின் கையிலிருந்து வேதியியலாளரின் கைக்குப் போனது. 1751இல் நிக்கலைக் கண்டறிந்த ஆக்ஸல் கிரான்ஸ்டெட், கனிமத் துணுக்கைக் கரியின் மேல் வைத்து, விளக்குச் சுடரை ஊதுகுழலால் அதன் மேல் திருப்பி, உருகுகிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்த்தே அது என்ன என்று சொல்லும் முறையை வளர்த்தார். மாங்கனீஸைப் பிரித்தெடுத்த யோஹன் காட்லீப் கான் அதில் தேர்ந்தவர். அவரிடமிருந்து கற்றுக்கொண்ட பெர்சீலியஸ் 1820இல் அதற்கென்று ஒரு நூலே எழுதினார். ஊதும் முறையும் எளிதன்று. கன்னங்களில் காற்றைத் தேக்கி வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். நாகசுரக் கலைஞர் சுரம் அறுபடாமல் வாசிப்பதும் இதே வித்தைதான். ஒரு துணுக்குக் கனிமத்தை ஆராய இது போதும். ஈயக் குழாயைப் பற்றவைக்க ஒரு மனிதனின் மூச்சு போதாது.

மூச்சுக்குப் பதிலாக எரிபொருளின் ஆவியையே ஊதவிடலாம் என்று ஏற்கெனவே சிலர் முயன்றிருந்தார்கள். ஒரு மூடிய கிண்ணத்தில் சாராயத்தை ஊற்றி, அதன் கீழே இன்னொரு திரி விளக்கை ஏற்றி வைத்தால், சாராயம் கொதித்து ஆவி பீய்ச்சும். அந்தப் பீச்சலைக் கீழ் விளக்கின் சுடர் வழியாக வளைத்து விட்டால் நீண்ட கூர்மையான தீ கிடைக்கும். எத்தில் சாராயம் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பதால் இது எளிதாகவே வேலை செய்தது. ஆனால் கிண்ணத்துக்குள் இருந்த எரிபொருள் முழுவதும் ஒரே நேரத்தில் கொதித்தது. துளை அடைத்துக்கொண்டால் கிண்ணம் வெடிக்கும். சாராயமும் விலை அதிகம், அதன் வெப்பமும் குறைவு. 1855 வாக்கில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் ராபர்ட் பன்சனும் அவருடைய கருவியாளர் பீட்டர் டெசாகாவும் உருவாக்கிய பர்னர் இன்னொரு விஷயத்தைக் காட்டியது. வாயு ஒரு சிறு துளை வழியாக வேகமாகப் பாய்ந்தால், பக்கத்தில் உள்ள ஓட்டைகள் வழியே வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். அப்படிக் கலந்து எரியும்போது மஞ்சள் போய் நீலம் வரும், புகைக்கரி இராது, சூடு கூடும். நம் பள்ளி ஆய்வகங்களில் எல்லோரும் பார்த்தது. ஆனால் பன்சன் பர்னரின் வால் நகரத்து வாயுக் குழாயோடு கட்டப்பட்டிருந்தது. குழாய் போகாத இடத்துக்கு அதுவும் போகாது.

இந்த இடத்தில்தான் கார்ல் ரிச்சர்ட் நைபெரி வருகிறார். 1858இல் ஆர்போகா என்ற சிறு ஊரில் பிறந்தவர். பள்ளி முடிந்ததும் முதலில் சேர்ந்தது ஒரு நகைத் தொழிலாளியிடம். ஊதுகுழல் எவ்வளவு தரும், எங்கே கைவிட்டுவிடும் என்பது இத்தகைய பட்டறையில் வளர்ந்தவருக்குத் தெரியாமல் இராது. பிறகு ஸ்டாக்ஹோமுக்கு வந்து இயந்திரப் பட்டறைகளில் வேலை பார்த்தார். 1881இல் தன் விளக்கை வடிவமைத்து, 1882இல் லுன்ட்மாக்கர்காட்டன் தெருவில் சொந்தப் பட்டறை போட்டு, அவற்றைச் செய்யத் தொடங்கினார்.

அந்த விளக்கின் நுட்பம் ஒரு சுற்றில் அடங்கியிருக்கிறது. கீழே எரிபொருள் தொட்டி. தொட்டியிலிருந்து குழாய் வழியாக எரிபொருள் திரவமாகவே மேலே ஏறுகிறது. மேலே அந்தக் குழாய், தீ எரியும் பர்னரை ஒட்டியோ சுற்றியோ போகிறது. அங்கே சூடேறி ஆவியாகிறது. ஆவி நிப்பிளின் ஊசித் துளை வழியாகச் சீறி, பக்கவாட்டு ஓட்டைகளில் காற்றை இழுத்துக் கலந்து எரிகிறது. அந்தத் தீயே அடுத்து வரும் எரிபொருளை ஆவியாக்குகிறது. தொட்டியில் இருப்பது முழுவதும் கொதிப்பதில்லை, அந்தக் கணத்துக்கு வேண்டிய சில துளிகள் மட்டுமே கொதிக்கின்றன. பழைய சாராய விளக்கிலிருந்து இதைப் பிரித்து உயர்த்துவது இந்த ஒரு வேறுபாடுதான். தன் வாயு ஆலையைத் தானே சுமந்து செல்லும் பன்சன் பர்னர் என்று இதைச் சொல்லலாம். முதலில் மட்டும் வெளியிலிருந்து சூடு கொடுக்க வேண்டும். அதன் பிறகு எரிபொருள் தீரும்வரை சுற்று தானே ஓடும்.

நைபெரியிடம் கருவி இருந்தது, வியாபாரம் இல்லை. ஒவ்வொன்றாகச் செய்யவும் நாளாயிற்று, விற்கவும் நாளாயிற்று. 1886இல் ஒரு சந்தையில் மேக்ஸ் சீவர்ட் என்பவர் இந்த விளக்கைக் கண்டார். ஜெர்மனியிலிருந்து ஸ்வீடனுக்கு வந்து குடியேறிய வணிகர் அவர். விற்பனையைத் தான் எடுத்துக்கொண்டார். ஸ்டாக்ஹோமை அடுத்த சுண்ட்பிபெரியில் தொழிற்சாலை எழுந்தது, விளக்குகள் உலகெங்கும் போயின. அதனால்தான் உலகத்தின் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் பல விளக்குகளில் செய்தவரின் பெயரைவிட விற்றவரின் பெயரான சீவர்ட்டே பெரிதாகத் தெரிகிறது. நைபெரிக்கு இதில் அநீதி நடந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. சீவர்ட் இல்லாவிட்டால் அந்த விளக்கு ஸ்டாக்ஹோமின் ஒரு தெருவைத் தாண்டியிருக்காது.

இந்தச் சீவர்ட் என்ற பெயரை நாம் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறோம். கல்பாக்கம், கூடங்குளம் பற்றிய செய்திகளில் கதிர்வீச்சின் அளவை மில்லிசீவர்ட் என்று குறிப்பிடுவார்கள். அந்த அலகு மேக்ஸ் சீவர்ட்டின் மகன் ரோல்ஃப் சீவர்ட்டின் பெயரால் அமைந்தது. 1896இல் பிறந்த அவர், கதிர்வீச்சு மனித உடலை எப்படித் தாக்குகிறது என்று அளப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர். தந்தை ப்ளோ லேம்ப்பும் மின்கேபிளும் விற்றுச் சேர்த்த செல்வம் அவரைப் பிழைப்புக் கவலையின்றி ஆராய்ச்சி செய்யவிட்டது. ஒரு பித்தளை விளக்கின் வருமானம் கதிர்வீச்சுப் பாதுகாப்பு என்ற துறைக்கே உரம் போட்டிருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கும்போது, கருவிகளின் வரலாற்றைத் தனியாக எழுதவே முடியாது என்று தெரிகிறது.

நைபெரியோ பறக்க ஆசைப்பட்டார். 1897 தொடங்கிப் பல ஆண்டுகள், லிடிங்கோ தீவில் இருந்த தன் வீட்டருகே ‘ஃப்ளூகன்’, அதாவது ஈ, என்ற விமானத்தைக் கட்டினார். அதற்கு நீராவி எஞ்சின். கொதிகலனைச் சூடாக்க அவர் பொருத்தியது தன்னுடைய ப்ளோ லேம்ப்கள் நான்கை. 18 கிலோ எடையுள்ள எஞ்சினிலிருந்து 10 குதிரைத்திறன் எடுத்தார். அந்தக் காலத்துக்கு அது வியக்கத்தக்க சாதனை. விமானம் சிறு தாவல்களைத் தாண்டி எழவில்லை, ஊரார் கேலி செய்தார்கள். 1922இல் தொழிற்சாலை சீவர்ட் நிறுவனத்துக்குப் போனது. 1939இல் நைபெரி காலமானார். அவரைப் பறக்க முடியாமல் போன மனிதராகவே எழுதும் கட்டுரைகள் உண்டு. அவர் விளக்கு பறந்து போகாத ஊர் எது என்று அந்தக் கட்டுரையாளர்களைக் கேட்க வேண்டும்.

அந்த விளக்கு செய்த வேலைகளைப் பாருங்கள். அக்காலத்தில் ஐரோப்பிய வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் ஈயத்தால் ஆனவை. குழாய்த் தொழிலாளி குழாய் இணைப்பை ப்ளோ லேம்ப்பால் சூடாக்கி, இளகிய ஈயக் கலவையைத் துணியால் வழித்து வழித்துப் பூசணிப் பிஞ்சுபோல் உருட்டி முடிப்பார். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். வெள்ளீயம் கலந்த பற்றாசு 200க்குக் கீழேயே இளகத் தொடங்கும். இந்தச் சிறு இடைவெளிக்குள் சூட்டை நிறுத்தத் தெரிந்தவரே தொழில் தெரிந்தவர். கதவு ஜன்னல்களின் பழைய பெயிண்டைச் சுட்டு உரித்ததும் இதே விளக்குதான். தந்திக் கம்பியும் மின்சாரமும் பூமிக்கடியில் போனபோது, ஈய உறையிட்ட கேபிள்களை இணைத்ததும் அதுவே.

எனக்கு மிகவும் பிடித்த வேலை வேறொன்று. 1890களில் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட்டின் வடிவமைப்பில், இங்கிலாந்தின் கிரந்தம் நகரில் ஹார்ன்ஸ்பி நிறுவனம் ஓர் எண்ணெய் எஞ்சினைச் செய்தது. தீப்பொறி தரும் மின்சாரம் அதில் கிடையாது. சிலிண்டரின் தலையில் இருக்கும் இரும்புக் குமிழ் பழுக்கச் சூடாக இருக்க வேண்டும். எண்ணெய் அதன் மேல் பட்டு எரியும். ஓடத் தொடங்கிவிட்டால் எஞ்சினின் சூடே குமிழைக் காக்கும், ஆனால் முதல் சூட்டைக் கொடுக்க ப்ளோ லேம்ப்பை அதன் முன்னே வைத்துச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஸ்காண்டிநேவிய மீன்பிடிப் படகுகள் பலவற்றில் இத்தகைய எஞ்சின்களே ஓடின. 1921இல் மான்ஹைமில் ஃப்ரிட்ஸ் ஹூபர் வடிவமைத்த லான்ஸ் புல்டாக் டிராக்டரும் இதே குடும்பம். விடியற்காலையில் விவசாயி டிராக்டரின் மூக்குக்குக் கீழே விளக்கை ஏற்றி வைப்பார். குமிழ் பழுத்ததும், ஸ்டீயரிங் சக்கரத்தைத் தண்டோடு பிடுங்கி, ஃப்ளைவீலில் செருகிச் சுழற்றுவார். முன்சூடு கொடுத்தால் தானே ஓடும் விளக்கு, முன்சூடு கொடுத்தால் தானே ஓடும் எஞ்சினை எழுப்பியது.

இனி, கையில் கிடைக்கும் ஒரு பழைய விளக்கை எழுப்புவது. தொடங்குபவருக்கு நான் சொல்வது, அரை பைண்ட் அளவுள்ள சிறிய மண்ணெண்ணெய் விளக்கு. அதாவது கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். ஸ்வீடனில் செய்த ப்ரைமஸ், ஆப்டிமஸ், ரேடியஸ், ஸ்வேயா, சீவர்ட் எதுவானாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. அடி அகன்று விரிந்த பெரிய விளக்காக இருந்தால் அமெரிக்க மரபு என்று கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது அது மண்ணெண்ணெய் விளக்கா, பெட்ரோல் விளக்கா என்று. பம்ப்பும், பர்னருக்கு அடியில் ஸ்பிரிட் கிண்ணமும், மூடியில் ஒரு காற்றுத் திருகும் இருந்து, தீயை அடைக்கும் வால்வு இல்லாவிட்டால் பெரும்பாலும் அது மண்ணெண்ணெய் விளக்கு. பர்னரின் பின்புறம் திருகு வால்வு இருந்தால் பெட்ரோலுக்குச் செய்ததாக இருக்கும். மண்ணெண்ணெய் விளக்கில் ஒருபோதும் பெட்ரோல் ஊற்றக் கூடாது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும். பெட்ரோலோ நம் ஊர் வெயிலிலேயே ஆவியாகும். தொட்டி சூடானால் அதன் அழுத்தம் கட்டுக்கடங்காது. பெட்ரோல் விளக்கைப் பழுது பார்ப்பது அனுபவசாலிகளின் வேலை. அந்த வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் பழைய திணிப்பில் ஆஸ்பெஸ்டாஸ் நூல் இருக்க வாய்ப்புண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொட்டியைக் கவிழ்த்தால் பல விளக்குகளிலிருந்து வருவது பழுப்பு நிறப் பிசின். பல ஆண்டுகள் கிடந்த மண்ணெண்ணெய் வார்னிஷ்போல் கெட்டியாகிவிடும். புது மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, குலுக்கி, கொட்டி, மறுபடி ஊற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கம்பி விட்டுக் கிளறினால் அடி மூட்டுக்குத் தீங்கு வரும். தொட்டியின் மூட்டுகள் பலவும் சாதாரண ஈயப் பற்றாசால் ஒட்டப்பட்டவை. இதைப் பழுது பார்க்கும்போதும், எரிக்கும்போதும் மறக்கவே கூடாது.

வெளிப்புறத்தைத் துலக்குவதில் நம் வீட்டு அறிவு உதவும், ஓர் எல்லை வரை. புளி பித்தளையின் கறையை எடுக்கும். ஆனால் புளியிலோ எலுமிச்சை உப்பிலோ நெடுநேரம் ஊறவைத்தால் பித்தளை மஞ்சள் இழந்து செம்பு நிறம் காட்டும். தேய்த்தோம், கழுவினோம், துடைத்தோம் என்று முடித்துவிட வேண்டும். அம்மோனியா கலந்த பாலிஷை மட்டும் கிட்டவே கொண்டுவரக் கூடாது. இதற்குப் பின்னால் நம் நாட்டில் நடந்த ஒரு வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் காரணம் தெரியாமல் பிளந்தன. குதிரை லாயங்களில் அவற்றை அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரக் காற்றும், அடித்து இழுத்து உருவாக்கியதால் உள்ளிறுக்கம் கொண்டிருந்த பித்தளையைப் பிளந்தன என்பது 1921இல்தான் தெளிவாக நிறுவப்பட்டது. ப்ளோ லேம்ப்பின் தொட்டியும் தகட்டை அழுத்தி இழுத்துச் செய்ததுதான். மயிரிழை விரிசல் ஒன்று இருந்தாலும் அந்த விளக்கு அலமாரிக்கு மட்டுமே உரியது. கண்ணாடிபோல மினுக்கவும் வேண்டாம். பழைய எழுத்துப் பொறிப்பு தேய்ந்து போகும் அளவுக்கு பஃப் அடிப்பது பழுதுபார்ப்பு ஆகாது.

அடுத்தது பம்ப். தண்டைக் கழற்றினால் நுனியில் தோல் வாஷர் இருக்கும், காய்ந்து சுருங்கி. அதை எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரலால் மெல்ல விரித்துவிட்டால் பல நேரம் உயிர் வந்துவிடும். வராவிட்டால் நல்ல தோலில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். பம்ப் ஸ்டவ் வாஷர் பொருந்தும் விளக்குகளும் உண்டு. ஒரு காலத்தில் ‘ஸ்டவ் ரிப்பேர்’ என்று குரல் கொடுத்துக்கொண்டு தெருவில் வந்தவர்களின் தோள்பையில் வாஷர், நிப்பிள், பின் எல்லாம் இருந்தன. அவர்களில் யாரையாவது உங்கள் ஊரில் தேடிப் பிடிக்க முடிந்தால் பிடித்துவிடுங்கள், இந்தக் கட்டுரையைவிட அவர் கூடச் சொல்லித் தருவார்.

பம்ப் குழாயின் அடியில் ஒரு சிறிய வால்வு இருக்கிறது. காற்றை உள்ளே விடும், எண்ணெயை வெளியே விடாது. அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு துளி தக்கையோ ரப்பரோ. அதை எடுக்க நீண்ட சாவி ஒன்று வேண்டும். பம்ப் கைப்பிடி தானாக மேலே எழும்பி வந்தால் இந்த வால்வு அடைக்கவில்லை என்று அறியலாம். அப்படியே எரிக்கக் கூடாது, பம்ப் வழியாக மண்ணெண்ணெய் வெளியே வரும். எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பரில் ஒரு துண்டு வெட்டிப் போட்டால் தீரும். மூடியின் வாஷரும் அப்படித்தான் மாற்றப்பட வேண்டியது. எனக்கு இந்தக் கருவியில் மிகுந்த மதிப்பு உண்டாவது இங்கேதான். தேயக்கூடிய பாகங்கள் எல்லாமே காசு பெறாதவை, தோலும் தக்கையும் ஈயமும். தேயாத பாகங்கள் நூறாண்டு தாங்கும் பித்தளை. செய்தவர்கள் அதைப் பிரிக்கவும் சேர்க்கவும் கூடியதாக வைத்திருந்தார்கள்.

நிப்பிளின் துளையை ஸ்டவ் பின்னைக் கொண்டு குத்தும்போது கை நிதானமாக இருக்கட்டும். துளை பெரிதானால் ஆவி கூடுதலாக வரும், காற்று போதாது, தீ மஞ்சளாகிப் புகையும். பிறகு புது நிப்பிள்தான் வழி. பர்னரின் குழாய்களுக்குள் கரி படிந்திருந்தால் பழைய சைக்கிள் பிரேக் கம்பியின் ஓர் இழையை விட்டு உள்ளே சுழற்றி எடுக்கலாம். எல்லாம் சேர்த்தபின், எரிபொருள் இல்லாமல், நிப்பிளை அடைத்து, சில முறை மட்டும் பம்ப் அடித்து, விளக்கைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி எங்கிருந்து வருகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. குமிழி தொட்டியின் மூட்டிலிருந்து வந்தால், மேலே சொன்ன அலமாரிதான்.

ஏற்றுவது திறந்தவெளியில், காற்று அடிக்காத மூலையில், தரையில் எரியக்கூடியது ஏதும் இல்லாத இடத்தில். பக்கத்தில் மணல் வாளி. தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது, மேலே காற்றுக்கு இடம் வேண்டும். காற்றுத் திருகைத் திறந்து வைத்துவிட்டு, கிண்ணத்தில் ஸ்பிரிட் நிறைத்துப் பற்றவையுங்கள். பெட்ரோமாக்ஸ் ஏற்றியவர்களுக்கு இந்தப் பொறுமை பழக்கமானது. ஸ்பிரிட் ஏறத்தாழ எரிந்து முடியும் தறுவாயில் திருகை மூடி, பம்ப்பை இரண்டு மூன்று முறை மட்டும் அழுத்த வேண்டும். பர்னர் போதிய சூடாக இருந்தால் ஒரு சீற்றம் கேட்கும், வாயில் நீலம் தோன்றும். நிலைத்தபின் இன்னும் சில அழுத்து; சீற்றம் இரைச்சலாக மாறும். போதிய சூடு இல்லாவிட்டால் திரவ மண்ணெண்ணெயே நிப்பிளில் பீய்ச்சி, முழ நீளத்துக்கு மஞ்சள் தீ எழும். பயப்படாமல் காற்றுத் திருகைத் திறந்தால் அழுத்தம் போய்விடும், தீ தணியும். ஆற விட்டு, மறுபடி ஸ்பிரிட்டிலிருந்து தொடங்க வேண்டும். அவசரத்தில் ஸ்பிரிட்டுக்குப் பதிலாக மண்ணெண்ணெயை ஊற்றிச் சூடாக்குபவர்கள் பர்னரைக் கரியால் மூடிவிடுகிறார்கள். இந்த விளக்கை அணைப்பதும் அதே காற்றுத் திருகால்தான்.

எரிந்துகொண்டிருக்கும்போது இடது கையால் அடிக்கடி தொட்டியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லது. இளஞ்சூடு சரி. கை பொறுக்காவிட்டால் உடனே நிறுத்துங்கள், சூட்டை உங்கள் வேலையோ சுவரோ திருப்பி அனுப்புகிறது. செங்குத்தாகக் கீழ்நோக்கிப் பிடித்தால் உறிஞ்சு குழாய் எண்ணெயை விட்டு விலகித் தீ விக்கும்.

முதல் வேலையாகச் செம்புத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். தட்டித் தட்டி இறுகிப்போன செம்பை, நீலத் தீயின் உட்கூம்பு முடியும் இடத்தில் காட்டினால் முதலில் நிறங்கள் ஓடும், பிறகு கறுக்கும், பிறகு மங்கிய சிவப்பு வரும். அப்படியே தண்ணீரில் முக்கி எடுத்தால், கையாலேயே வளைக்கும் அளவுக்கு இளகியிருக்கும். எஃகாக இருந்தால் தண்ணீரில் முக்கியதும் இறுகும், செம்பு இளகுகிறது. கன்னார்கள் கரி உலையில் காலங்காலமாகச் செய்ததை ஒரு கை விளக்கில் செய்து பார்க்கும்போதுதான் நைபெரி என்ன சாதித்தார் என்பது விரல்களுக்குப் புரியும். பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசலாம், துருப்பிடித்து அசையாத நட்டைச் சூடாக்கிக் கழற்றலாம், சிறிய வெள்ளிப் பற்று வைக்கலாம். பழைய கதவின் பெயிண்டைச் சுட மட்டும் வேண்டாம். அந்தக் கால பெயிண்டில் ஈயம் இருக்கும், அதன் புகை நரம்பையும் மூளையையும் பாதிக்கும், குழந்தைகளை மிகுதியாக.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சிலிண்டரில் அடைத்த புரோப்பேன் டார்ச் வந்தது. திறந்தால் தீ, மூடினால் இல்லை. முன்சூடு கிடையாது, பம்ப் கிடையாது. தொழில்முறை வேலைக்கு அது பாதுகாப்பானது, வேகமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஈயக் குழாய்களும் போயின. பழைய பித்தளைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின அல்லது வேறு பொருள்களுக்கு மாறின. சீவர்ட் என்ற பெயர் இன்றும் கேஸ் டார்ச்களின் மேல் இருக்கிறது.

ஆனால் இந்த விளக்கின் வழித்தோன்றல்களில் மிகப் பெரியது டார்ச் அன்று. 1892இல் அதே ஸ்டாக்ஹோமில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட், ப்ளோ லேம்ப்பின் பர்னரைப் பக்கவாட்டிலிருந்து மேல்நோக்கித் திருப்பி, அதைச் சுற்றி மூன்று கால்களை நட்டு, மேலே பாத்திரம் வைக்க ஒரு வளையம் போட்டார். புகைக்கரி இல்லாமல் மண்ணெண்ணெயில் சமைக்கும் ப்ரைமஸ் ஸ்டவ் பிறந்தது. 1911இல் அமுண்ட்சென்னோடு தென் துருவம் வரை போனதும், நம் வீடுகளில் காலைக் காப்பிக்காக இரைந்ததும் அதுதான். 1897இல் பலூனில் வட துருவம் நோக்கிப் புறப்பட்டு மறைந்த மூன்று ஸ்வீடன்காரர்களின் ஸ்டவ், 33 ஆண்டுகள் பனிக்குள் கிடந்து 1930இல் ஒரு தீவில் கிடைத்த கதையோடு அடுத்த பகுதியைத் தொடங்குவோம்.